டாக்டர் அளந்து வைத்த பல்

பஞ்சவர்ணம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திங்கட்கிழமை, கிளினிக்குக்கு விடுமுறை. டாக்டருடைய எண் என்பதால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பேசியது டாக்டரின் மூத்த மகன்.

“ஆன்ட்டி, வாப்பா போயிட்டாங்க.”

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டாள்.

அவன் விவரம் சொன்னான். “விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு மறுபடி படுத்தாங்க. எந்திரிக்கல. இன்னிக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.”

“சரிப்பா. வர்றேன்.”

போனை வைத்துவிட்டு மிச்சத் துணியை மாட்டினாள். கணவருடைய செக்யூரிட்டி சட்டையைக் கழியில் நுழைத்து, காலர் மடங்காமல் இழுத்துவிட்டாள். மகள் ரோஷினியின் டீ-ஷர்ட்டுகளுக்கு வரிசையாகக் கிளிப் போட்டாள். கழியைத் தூக்கி வெளியே குழாயில் செருகிவிட்டுக் கீழே பார்த்தாள். விளையாட்டு மைதானத்தில் ஒரு பணிப்பெண் குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வழக்கத்தைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

கணவர் மாசிலாமணி கூடத்திலிருந்து கேட்டார். “யாரு போன்ல?”

“டாக்டர் இறந்துட்டாராம்.”

“எந்த டாக்டர்?”

“நம்ம டாக்டர்தாங்க.”

அவர் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த கிளிப் கூடையை வாங்கிக்கொண்டார். “உக்காரு” என்றார். அவள் உட்காரவில்லை. அரிசி களைந்து சோறு வைத்தாள். போய்விட்டு வர நேரமாகும், ரோஷினி பாலிடெக்னிக்கிலிருந்து வந்தால் சாப்பாடு வேண்டும் அல்லவா.

பஞ்சவர்ணம் டாக்டர் நெய்னா முகம்மதுவிடம் வேலைக்குச் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளில் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வேலை தேடி, தமிழர்கள் கூடும் தேக்காவுக்கு வந்த ஒரு நாள், டன்லப் ஸ்திரீட்டில் கடைவீட்டுத் தூண் ஒன்றில் ‘பல் கிளினிக்கில் உதவிக்கு ஆள் தேவை, தமிழ் பேச வேண்டும்’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். செங்குத்தான மாடிப்படி ஏறிப் போனாள். மேலே இருந்தவர் பேரைக் கேட்டார். சொன்னாள்.

“நல்லதாப் போச்சு. பஞ்சுன்னு கூப்பிடுறேன். இங்க நாளெல்லாம் பஞ்சு பஞ்சுன்னுதான் கத்திக்கிட்டிருக்கேன், ஆள்தான் இல்ல.”

அந்த நகைச்சுவையை அவர் கடைசிவரை விடவில்லை. “பஞ்சு, பஞ்சு குடு” என்பார். சிரிப்பதற்காகச் சொல்கிறாரா, வேலைக்காகச் சொல்கிறாரா என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. பல்வலியோடு நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்கள் வாயைத் திறந்தபடியே சிரித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து ஊசியைப் போட்டுவிடுவார்.

அவருக்குப் பிடித்தது வேர் சிகிச்சை. பல்லைப் பிடுங்குவது அவருக்குப் பிடிக்காது. “புடுங்கறது ஈசி லா. இருக்க வைக்கிறதுதான் வேலை” என்பார். பல்லுக்குள் செத்துப்போன நரம்பை எடுத்துவிட்டு, அது இருந்த குழாயைக் கழுவிச் சுத்தமாக்கி அடைக்க வேண்டும். குழாய் முடி கனம்தான் இருக்கும். அது வேருக்குள் எங்கே போய் முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. முடிவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டால் கிருமி தங்கிவிடும். தாண்டிப் போனால் எலும்பில் குத்தும், அந்த ஆள் ஒரு வாரம் தூங்க மாட்டான். பஞ்சவர்ணம் சேர்ந்த புதிதில் எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து அந்த நீளத்தைக் கணக்குப் போட்டார். சில வருஷம் கழித்து ஒரு கருவி வாங்கினார். அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு. கிளினிக்கில் அதை ‘மீட்டர்’ என்றே சொன்னார்கள்.

உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். ஒன்றின் முனையில் இருக்கும் கொக்கியை நோயாளியின் உதட்டோரம் மாட்டுவார்கள். மற்றதைப் பல்லுக்குள் இறங்கும் மெல்லிய கம்பி ஊசியில் கவ்வ விடுவார்கள். ஊசி இறங்க இறங்கத் திரையில் கோடுகள் ஏறும், ‘பிப் பிப்’ என்ற சத்தம் நெருங்கிக்கொண்டே வரும். வேர் நுனியைத் தொட்டதும் ஒரே நீளமாக ஒலிக்கும். ஊசியில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று கோத்திருக்கும். அதைப் பல்லின் மேல் முனையில் முட்டும்படி இறக்கி வைத்து, ஊசியை வெளியே எடுத்து ஸ்கேலில் பிடித்தால் நீளம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எடுக்கிற ஒவ்வொரு ஊசிக்கும் அதே நீளத்தில் வளையம் வைத்துக் கொடுப்பது பஞ்சவர்ணத்தின் வேலை. மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. டாக்டர் கை நீட்டுவதற்கு முன்பே ஊசி தயாராக இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே பாதி நாள் ஓடிவிடும்.

டாக்டரின் வீடு தஞ்சோங் பகாரில், உயரமான அடுக்குமாடியில் இருந்தது. அவருடைய தாத்தா அதே வட்டாரத்தில் கப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று சொல்லியிருக்கிறார். பஞ்சவர்ணமும் மாசிலாமணியும் போனபோது லிப்டுக்கே கூட்டம் வரிசை கட்டி நின்றது. ஆண்கள் கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள்.

டாக்டரின் மனைவி சம்சுன்னிசா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சுற்றியிருந்த சொந்தக்காரப் பெண்கள் யார் இவள் என்று பார்த்தார்கள்.

“இவதான் பஞ்சு” என்றார் சம்சுன்னிசா. “என்கூட இருந்ததைவிட இவகூடத்தான் அவரு அதிக நேரம் இருந்தாரு.”

யாரோ விம்மினார்கள். பஞ்சவர்ணத்துக்கு அழுகை வரவில்லை. கண் கரிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

“அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தர் பல் கட்ட வர்றாரு. வர வேண்டாம்னு சொல்லிடவா?”

சம்சுன்னிசா அவள் முகத்தைப் பார்த்தார். “சொல்லிடும்மா” என்றார்.

முகத்தைப் பார்க்கக் கூப்பிட்டபோது பஞ்சவர்ணம் பெண்களோடு போய்ப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. தாடை சற்றுத் திறந்திருந்தது. கீழ் வரிசையில் இடது பக்கம் அவருக்கே ஒரு பல் அடைத்திருக்கும், அது தெரிகிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, எதற்காக இதைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தாள். மாசிலாமணி அடக்கத்துக்குச் சுவா சூ காங் இடுகாடு வரை போனார். அவள் எம்ஆர்டி ரயில் ஏறி வீட்டுக்கு வந்தாள். துணி காய்ந்திருந்தது.

மறுநாள் கிளினிக்கைத் திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ‘டாக்டர் தவறிட்டாரு’ என்றாள். சிலருக்குப் புரியவில்லை. ‘காலமாயிட்டாரு’ என்று மாற்றினாள். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஐயோ என்றார்கள், எப்படி என்றார்கள், நல்ல மனுஷன் என்றார்கள். ஓர் அம்மா பதறிப்போய், “அப்ப என் பல்லு?” என்று கேட்டார். பிறகு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். பஞ்சவர்ணத்துக்கு அந்தக் கேள்விதான் சுலபமாக இருந்தது. அதற்குப் பதில் இருந்தது. “இன்னொரு டாக்டர் வருவாங்கம்மா. நான் கூப்பிடுறேன்.” மற்றவர்களிடம் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாசிலாமணி கவலைப்பட்டார். அவருடைய அம்மா இறந்தபோது அவரைவிட அதிகமாக அழுதவள் அவள். “அழுதுடேன் வர்ணம். மனசுல வச்சுக்காத” என்றார்.

“வச்சுக்கிட்டாத்தானே அழறதுக்கு? ஒண்ணும் இல்லங்க. மரத்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.”

“லீவு போடு.”

“யாருக்கு லீவு லெட்டர் குடுக்கிறது?” என்றாள்.

டாக்டரின் மகன்கள் இருவரும் வங்கிகளில் வேலை பார்த்தார்கள். பாதியில் நிற்கும் சிகிச்சைகளை முடித்துக் கொடுப்பதற்காக ஒரு டாக்டரைப் பிடித்தார்கள். பெயர் ரக்ஷனா. முப்பத்து மூன்று, நான்கு வயது இருக்கும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பெண், தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து வேகமாகப் பேசுவாள். அமைதியான கை. பஞ்சவர்ணத்தை முதல் நாளிலிருந்தே ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். கருவிகள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று கேட்டாளே தவிர, எதையும் இடம் மாற்றவில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சு வேண்டுமென்றால் “காட்டன் ரோல் ப்ளீஸ், ஆன்ட்டி” என்பாள். பஞ்சவர்ணம் எடுத்துக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கிளினிக்கில் கூட்டம். வாரம் முழுக்கக் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்கள் அன்றுதான் தேக்காவுக்கு வருவார்கள். அந்த ஞாயிறு காலை, கதவு திறந்த சற்று நேரத்தில் செல்லக்கண்ணு வந்தான். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, கிராஞ்சியில் தங்கும் விடுதி. முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கீழ்க்கடைவாய்ப் பல்லில் டாக்டர் வேர் சிகிச்சை ஆரம்பித்து, குழாய்களை அளந்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருந்தார். அவனுடைய பழைய எண் வேலை செய்யவில்லை என்பதால் பஞ்சவர்ணத்தால் அவனைக் கூப்பிட முடியவில்லை.

“அக்கா, ஓவர்டைம் போட்டுட்டானுங்க, அதான் லேட்டு. முறுக்கு கடிச்சேன், பல்லுல ஒரு மூலை உடைஞ்சு போச்சு. ஐயா திட்டப் போறாரு.” உள்ளே எட்டிப் பார்த்தான். “ஐயா வரலையா?”

“ஐயா இல்லப்பா.”

“எப்ப வருவாரு? நான் கீழ போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

“இல்ல செல்லக்கண்ணு. ஐயா இறந்துட்டாரு. போன திங்கட்கிழமை.”

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். காத்திருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மறைக்காமல், சத்தமாக அழுதான். பக்கத்தில் இருந்த ஒரு வங்காளதேசத்து ஆள் அவன் முதுகில் கை வைத்தான்.

பஞ்சவர்ணம் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் டாக்டரைப் பார்த்தது இரண்டே தடவை. அதற்குள் இவனுக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “என் சம்சாரம் நம்பவே இல்லக்கா. ஊருக்கு வராம இருக்கத்தான் பல்வலின்னு கதை விடுறேன்னு சண்டை. அன்னிக்கு ஐயாதான் என் போனை வாங்கி, வீடியோல எக்ஸ்ரேயைக் காட்டி, இந்தப் பாரும்மா இங்க கறுப்பாத் தெரியுதே, அதான் உன் புருஷன் வலின்னு சொன்னாரு. அப்பதான் நம்பினா. நான் பத்து வருஷமா சொல்ற எதையும் நம்பாதவ.”

அது நடந்தபோது பஞ்சவர்ணமும் அங்கேதான் இருந்தாள். போனை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

அவனை நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ரக்ஷனா ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, தற்காலிக அடைப்பை எடுத்தாள். பஞ்சவர்ணம் அட்டையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. முன்பக்கக் குழாய் இருபத்தொரு மில்லிமீட்டர். டாக்டர் வாய்விட்டுச் சொல்ல, எழுதியவளே அவள்தான். ஊசிகளில் இருபத்தொன்றுக்கு வளையம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தாள்.

ரக்ஷனா உதட்டில் கொக்கியை மாட்டச் சொன்னாள். மீட்டரைப் போட்டாள். ஊசி இறங்கியது. பிப், பிப் என்று ஆரம்பித்து நெருங்கி, நீளச் சத்தம் வந்துவிட்டது. ரப்பர் வளையம் பல்லைத் தொடவே இல்லை. இன்னும் மேலே நின்றது.

“பத்தொன்பதரைதான் காட்டுது” என்றாள் ரக்ஷனா.

“இருபத்தொண்ணு” என்றாள் பஞ்சவர்ணம்.

“மீட்டர்ல பத்தொன்பதரை, ஆன்ட்டி.”

“உள்ள ஈரம் இருக்கும். ஈரம் இருந்தா மீட்டர் பொய் சொல்லும். டாக்டர் இருபத்தொண்ணுன்னுதான் அளந்தாரு. நான் கூடவே இருந்தேன்.”

குரல் ஓங்கிவிட்டது. நாற்காலியில் கிடந்த செல்லக்கண்ணு கண்ணை உருட்டி அவளைப் பார்த்தான். அவள் காது சூடாக இருந்தது. அந்த வாரம் முழுவதிலும் அவளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான். அது துக்கமில்லை, கோபம். இந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாம் போலக் கோபம்.

ரக்ஷனா கோபப்படவில்லை. “ஓகே, செக் பண்ணிடலாம்” என்றாள். காகித முனைகளை விட்டுக் குழாயை உலர்த்தினாள். எடுத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று பஞ்சவர்ணத்துக்கும் காட்டினாள். திரும்ப அளந்தாள். அதே பத்தொன்பதரை. ஊசியை உள்ளே வைத்தபடியே எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் ஊசி முனை வேர் நுனியில் சரியாக நின்றது. இருபத்தொன்று வரை விட்டிருந்தால் எலும்புக்குள் போயிருக்கும். அது பஞ்சவர்ணத்துக்கும் தெரிந்தது. இத்தனை வருஷம் எத்தனை படம் பார்த்திருக்கிறாள்.

“அப்ப அவரு தப்பா அளந்துட்டாரா?” என்று கேட்டாள்.

ரக்ஷனா சின்னக் கண்ணாடியைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள். “இங்க பாருங்க ஆன்ட்டி. டாக்டர் இந்த மூலையிலேருந்துதான் அளந்திருப்பாரு. இவரு முறுக்கு கடிச்சதுல அந்த மூலை போயிடுச்சு. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அவரு அளந்தது கரெக்ட்தான். அவரு அளந்த இடம்தான் இப்ப இல்ல.”

பஞ்சவர்ணம் பார்த்தாள். உடைந்த ஓரம் வெள்ளையாக, கூராகத் தெரிந்தது. வளையங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பத்தொன்பதரைக்கு வைத்தாள். அட்டையில் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் புது அளவை எழுதினாள். கோபம் போன இடம் தெரியவில்லை. மனசு பழையபடி மரத்துப்போனது. மீதி நேரம் வழக்கம்போல ஊசி எடுத்துக் கொடுத்தாள், எச்சில் உறிஞ்சினாள். குழாய்களை அடைத்து முடித்தார்கள்.

வேலை முடிந்து அவன் எழுந்தபோது பாதி வாய் மரத்திருந்தது. கோணலான வாயோடு கேட்டான். “அக்கா, ஐயாவை எங்க அடக்கம் பண்ணிருக்கு?”

“சுவா சூ காங்குல. உங்க பக்கம்தான்.”

“நாம இந்து ஆளுங்க, அங்க போகலாமா? எதுவும் சொல்ல மாட்டாங்களே?”

“போகலாம். அமைதியாப் பார்த்துட்டு வந்துடு.”

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஒரு படம் அனுப்பினான். ஈரச் செம்மண், நட்டுவைத்த இரண்டு கல், பின்னால் வரிசையாக வேறு கல்லறைகள். ‘போய் வந்துட்டேன் அக்கா, பல் வலி இல்லை’ என்று கீழே எழுதியிருந்தான். ரயிலில் நின்றுகொண்டே அவள் அதைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். ஜூரோங் ஈஸ்ட்டில் கதவு திறந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினாள்.

இரண்டு மாதம் அப்படியே போனது. வாடகைக்கான ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு கிளினிக்கை நடத்த ரக்ஷனா சம்மதித்தாள். “நீங்க இருந்தாத்தான் ஆன்ட்டி நான் எடுப்பேன்” என்றாள். பஞ்சவர்ணம் சரி என்றாள். வேறு எங்கே போவது என்று யோசித்துப் பார்த்து, எங்கும் தோன்றாததால் சொன்ன சரி அது. வீட்டில் பழையபடி சமைத்தாள், ரோஷினியைத் திட்டினாள். மாசிலாமணி அழச் சொல்வதை விட்டுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை சம்சுன்னிசா போன் செய்தார்.

“பஞ்சு, எனக்குப் பல்லு வலிக்குதும்மா. அவரு இறந்த வாரத்துலேருந்தே வலிதான். மாத்திரை போட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

“ஏங்க்கா சொல்லல?”

“அவருக்காக இத்தாவுல இருக்கேன், நாலு மாசம் பத்து நாளைக்கு வெளிய வரக் கூடாது. இப்ப பள்ளிவாசல் உஸ்தாத்துகிட்ட கேட்டுட்டேன், வைத்தியத்துக்குப் போகலாம்னுட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “அது மட்டும் காரணம் இல்ல. நாப்பது வருஷம், வேற யாருக்கும் நான் வாயைத் திறந்து காட்டினதில்ல.”

“நான் கூட இருக்கேன். வாங்க.”

மறுநாள் மகன் காரில் கொண்டுவந்து விட்டான். வெள்ளை உடையில், நகை எதுவும் இல்லாமல், படிக்கட்டில் நின்று நின்று ஏறி வந்தார் சம்சுன்னிசா. உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்தார். டாக்டரின் சுழல் நாற்காலியைப் பார்த்தார். அதில் ரக்ஷனா உட்கார்ந்திருந்தாள். எழுந்து சலாம் சொன்னாள். அவர் பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மேல் கடைவாய்ப் பல். வேர் சிகிச்சைதான் செய்ய வேண்டும். ஊசி போட்ட பிறகு சம்சுன்னிசா பஞ்சவர்ணத்தின் கையைத் தேடினார். ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவரிடம் கொடுத்தாள். உதட்டில் கொக்கியை மாட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மீட்டர் ஒலிக்க ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு நீளமாக.

மூன்று குழாய்க்கும் மூன்று தடவை ஒலித்தது. ரக்ஷனா அளவுகளைச் சொன்னாள். ஒரு கை மாட்டிக்கொண்டதால் பஞ்சவர்ணத்தால் எழுத முடியவில்லை. ரக்ஷனாவே கையுறையைக் கழற்றி எழுதிக்கொண்டாள்.

முடிந்ததும் சம்சுன்னிசா எழுந்து உட்கார்ந்து, மரத்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “இந்தச் சத்தமா?” என்றார். “இந்தச் சத்தத்துக்குள்ளதான் நாளெல்லாம் இருந்தாரா மனுஷன்? வீட்டுல டிவி கொஞ்சம் சத்தமா வச்சாக்கூட கத்துவாரே.”

பஞ்சவர்ணம் சிரித்தாள். சம்சுன்னிசாவும் சிரித்தார், வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். ரக்ஷனா அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பஞ்சவர்ணம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்த உதட்டோரம் எச்சில் ஒழுகியது அவருக்கே தெரியவில்லை. அவள் துடைத்துவிட்டாள்.

“நீ அழுதியா பஞ்சு?” என்று கேட்டார் அவர், சற்று நேரம் கழித்து.

“இல்லக்கா. எனக்கு வரவே இல்ல. ஏன்னும் தெரியல. உங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு நான் பத்து மணி அப்பாயிண்ட்மெண்டைப் பத்திப் பேசினேன். நினைச்சா வெக்கமா இருக்கு.”

“அன்னிக்கு அங்க வந்த அத்தனை பேருல நீ ஒருத்திதான் எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச கேள்வியாக் கேட்ட” என்றார் சம்சுன்னிசா. “மத்தவங்கள்லாம் எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. நான் என்னத்த சொல்றது?”

கீழே கார் வரை பஞ்சவர்ணம் கூட்டிக்கொண்டு போனாள். படி செங்குத்து என்பதால் சம்சுன்னிசா பக்கவாட்டில் இறங்கினார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் பூக்கடைக்காரன் தண்ணீர் தெளித்திருந்தான், வழுக்கியது. மரப்பு விடுகிறவரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம், அந்தப் பக்கமாக மெல்ல வேண்டாம் என்று சொல்லிக் காரில் ஏற்றினாள். அடுத்த முறைக்கு எப்போது வர வேண்டும் என்று மகனிடம் சொன்னாள்.

“அடுத்த தடவையும் நீ இருப்பேல்ல?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் சம்சுன்னிசா.

“இருப்பேங்க்கா.”

கார் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் திரும்பியது. பஞ்சவர்ணம் சற்று நேரம் அங்கேயே நின்றாள். அழுகை வருமோ என்று ஒரு கணம் தோன்றியது. வரவில்லை. ஆனால் கால் வலித்தது, காலையிலிருந்து சாப்பிடாததும் நினைவுக்கு வந்தது. பசித்தது. எதிரே இருந்த கடையில் இரண்டு புரோட்டா வாங்கி, அங்கேயே நின்று, சூட்டோடு சாப்பிட்டாள். தட்டை வைத்துவிட்டுக் கை கழுவியபோது ரக்ஷனா மேலே ஜன்னலைத் திறந்து, அடுத்தவர் வந்துவிட்டார் என்று கையால் காட்டினாள். பஞ்சவர்ணம் படியேறினாள்.